பிஸ்டல் பழகிய விரலும் ரிவால்வரின் விசையும்

கல்லூரி நாட்களில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் பதக்கம் பெற்றவரும், தந்தையார் காலமானபின் அவர் தோட்டத்துக் காவலுக்கென்று முப்பது வருஷம் வைத்திருந்த .32 ரிவால்வரை முறைப்படி தம் பெயருக்கு உரிமம் மாற்றிக்கொண்டவருமான ஓர் இளைஞர், சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சுடுகளத்துக்கு வந்து, 10 மீட்டர் தூரத்தில் நிறுத்தியிருந்த அட்டையை நோக்கி ஆறு தோட்டாக்களைச் சுட்டார். நான்கு குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குக் கீழே இடப்பக்கமாகச் சிதறியிருந்தன. மற்ற இரண்டும் அட்டையிலேயே படவில்லை. பிஸ்டலைக் கையில் எடுத்தால் 25 மீட்டரில் ஐந்துக்கு நான்கு குண்டுகளை உள்வட்டங்களில் வைக்கக்கூடியவர் அவர். முகம் வாடி, ரிவால்வரை மடித்துத் திறந்து, காலிக் கூடுகளைக் கொட்டிவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“அண்ணா, இதுலதானுங்க ஏதோ கோளாறு. அப்பா காலத்துச் சாமான், குழல் தேஞ்சு போயிருக்கும்போல” என்றார்.

அதே ரிவால்வரை வாங்கி, அதே இடத்தில் நின்று, அவசரமில்லாமல் ஆறு முறை விசையை இழுத்தேன். ஆறு குண்டுகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. நான் துப்பாக்கி பழகத் தொடங்கியதே ரிவால்வரில்தான் என்பதைத் தவிர அதில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

“அப்போ நான் இத்தனை வருஷம் பழகுனதெல்லாம் வீணுங்களா?”

“வீண் இல்லை தம்பி. கண் பழகியாச்சு, தோள் பழகியாச்சு, மூச்சு பழகியாச்சு. விரல் மட்டும் இன்னும் பழகலை.”

அவருக்கு நேர்ந்தது அவர் ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. நம் தேசத்தில் கைத்துப்பாக்கி பழக விரும்பும் இளைஞர் முதலில் காற்றுப் பிஸ்டலையும், அதில் தேறியபின் .22 தானியங்கிப் பிஸ்டலையும் கையில் எடுக்கிறார். போட்டிகளும் பதக்கங்களும் பயிற்சியாளர்களும் அந்த வழியிலேயே இருக்கிறார்கள். அந்தப் பயிற்சி நல்ல முறையில் நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே இளைஞர் பிற்காலத்தில் தற்காப்புக்கென்று உரிமம் பெறும்போதோ, தகப்பனாரிடமிருந்து ஓர் ஆயுதம் தமக்கு வந்து சேரும்போதோ, அது பெரும்பாலும் .32 ரிவால்வராகவே இருக்கிறது. 9 மில்லிமீட்டர் போன்ற ராணுவ அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. தோட்டா சிக்கிக்கொள்ளுமோ என்ற அச்சமில்லாத எளிய யந்திரம் என்ற நல்ல பெயரும் ரிவால்வருக்கு உண்டு. கற்பது ஒன்று, கைக்கு வருவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாதையைக் கடப்பிக்க ஒருவரும் முன்வருவதில்லை. “ரிவால்வரில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இழுத்தால் வெடிக்கும்” என்று அனுபவஸ்தர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அபிப்பிராயம் தவறானது, அபாயமானதும்கூட என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைக் கிலோ கணக்கிலேயே சொல்லிவிடலாம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் விதிப்படி விசையின் கனம் 1 கிலோவுக்குக் குறையக் கூடாது. போட்டியாளர்கள் அந்த எல்லையை ஒட்டியே தங்கள் விசையை அமைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே விரலின் பலமும் பிஸ்டலின் பாரமும் தராசின் இரு தட்டுகள்போலச் சமமாக நிற்கின்றன. கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வரோ சுமார் 700 கிராம் எடையுள்ளது; சுத்தியலை முன்கூட்டி நிமிர்த்தாமல் விசையை மட்டும் இழுத்துச் சுடும்போது ரிவால்வர்களில் பொதுவாக நாலரை முதல் ஐந்தரை கிலோ வரையில் பலம் கேட்கும். தன் எடையைப்போல் ஏழு மடங்கு பலத்தை ஒரு பொருளின்மீது செலுத்த வேண்டும், அந்தப் பொருளோ மயிரிழையும் அசையக் கூடாது என்றால், அந்தக் காரியத்துக்குத் தனியான அப்பியாசம் வேண்டாமா?

இவ்வளவு கனம் ஏன் என்று கேட்பவர்கள், அந்த ஒரே இழுப்பு எத்தனை வேலைகளைச் செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தானியங்கிப் பிஸ்டலில் முந்தைய தோட்டாவின் வெடிப்பே அடுத்த தோட்டாவை ஏற்றி, யந்திரத்தை ஆயத்தம் செய்துவிடுகிறது. விரலுக்கு மிஞ்சியிருப்பது ஒரு சிறு பூட்டை விடுவிக்கும் வேலைதான். ரிவால்வரில் வெடிப்பின் உதவி ஏதும் கிடையாது. சிலிண்டரை ஓர் அறை தூரம் சுழற்றுவதும், அதைக் குழலுக்கு நேரே நிறுத்திப் பூட்டுவதும், சுத்தியலைப் பின்னுக்குத் தூக்குவதும், தூக்கியதை விடுவிப்பதுமாகிய நான்கு காரியங்களும் அந்த ஒரு விரலின் பிரயாசையாலேயே நடைபெற வேண்டும். இந்த விவகாரம் புதியதும் அன்று. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் சுத்தியலை நிமிர்த்தவேண்டிய தம் ரிவால்வரை அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் காட்சிக்கு வைத்தார். விசையை இழுத்தாலே எல்லாம் நடந்துவிடும் தம் ரிவால்வரை ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸ் காட்சிக்கு வைத்தார். முன்னது நிதானத்துக்கும் பின்னது வேகத்துக்கும் ஏற்றவை என்று அன்றே வாதம் பிறந்து, சில வருஷங்களுக்குள் பியூமாண்ட் என்ற படை அதிகாரி இரண்டு முறைகளையும் ஒரே யந்திரத்தில் இணைத்தார். நம் தோட்டக்காரர்களின் அலமாரிகளில் இருக்கும் ரிவால்வர் அந்த இணைப்பின் வழித்தோன்றலே.

பிஸ்டல் பழகியவர் இங்கேதான் ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். கட்டைவிரலால் சுத்தியலை நிமிர்த்திவிட்டால் விசை பழைய பிஸ்டலைப்போல இலகுவாகிவிடுகிறது. குண்டுகளும் நடுவில் விழத் தொடங்குகின்றன. பிரச்சினை தீர்ந்தது என்று அவர் மகிழ்ந்துபோகிறார். நிதானமாக நின்று ஒற்றைக் குறி பார்ப்பதற்கு அந்த முறை உகந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தற்காப்புக்கென்று வாங்கிய ஆயுதத்தில் அதை மட்டுமே பழகுகிறவர், பதற்றமான நேரத்தில் சுத்தியலை நிமிர்த்திய ரிவால்வரை நடுங்கும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க நேரும் என்பதையும், சுட வேண்டாம் என்று தோன்றினால் அந்தச் சுத்தியலை மெல்லத் தாழ்த்துவது எத்தனை அபாயமான காரியம் என்பதையும் யோசித்துப் பார்ப்பதில்லை. கனமான விசையைப் பழகாமல் தப்பித்துக்கொள்வதற்கு அது ஒரு கொல்லைப்புற வழியாக அமைந்துவிடுகிறது. புதிதாக வருபவர்களிடம் முதல் இரண்டு மாதம் சுத்தியலின்மேல் கட்டைவிரல் படவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

கை நடுங்குகிறதே, அதனால்தான் குண்டு விலகுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கும். முன்குறியும் பின்குறியும் ஒரே நேர்கோட்டில் இருக்க, கை முழுவதுமாக ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் அசைந்தால், குண்டும் அட்டையில் ஒரு சென்டிமீட்டர்தான் விலகும். ஆனால் இரண்டு குறிகளுக்கும் நடுவே பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியுள்ள ஒரு சிறிய ரிவால்வரில், பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டால், 10 மீட்டரில் குண்டு 8 சென்டிமீட்டர் விலகும். 25 மீட்டரில் 20 சென்டிமீட்டர் விலகிப் போகும். இயற்கையான நடுக்கம் கைக்கு இருந்துகொண்டே இருக்கட்டும். அதனால் பெரும் கேடு விளைவதில்லை. கடைசி நொடியில் விசையை வெடுக்கென்று பிடுங்கும் விரல், முன்குறியைக் கீழே இடப்பக்கமாகச் சாய்க்கிறதே, அதுதான் அந்த இளைஞரின் அட்டையைப் பாழாக்கியது. வலக்கைக்காரர்களின் அட்டைகளில் கீழ் இடப்பக்கத்துச் சிதறலைக் கண்டால், சுட்டவர் யார் என்று தெரியாமலே நோயைச் சொல்லிவிடலாம்.

இதற்கு மருந்து என்ன? விரல் விசையின்மேல் அமரும் இடத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். பிஸ்டலில் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையில் பட்டால் போதும். ரிவால்வரில் நுனிச்சதைக்கு அத்தனை பலம் கிடையாது. முதல் கணுவின் மடிப்பு விசையின்மேல் வரும்படி விரலைச் சற்று உள்ளே செலுத்தவேண்டும். அதன்பிறகு இழுப்பு. அதைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். எங்கள் வீட்டு வாசலில் என் தாயார் மார்கழி மாதத்தில் இழைக்கோலம் போட்டதை நினைத்துக்கொண்டுதான் நான் அதை மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். மாவு விரலிடுக்கில் ஒரே சீராக வழிந்துகொண்டே இருக்க, கை நகர்ந்துகொண்டே இருக்கும்; எங்கேனும் ஒரு கணம் தயங்கி நின்றால் அந்த இடத்தில் மாவு குவிந்து இழை தடித்துவிடும். ரிவால்வர் விசையும் ஆரம்பம் முதல் முடிவு வரை அந்த இழையைப்போல நடுவில் நிற்காமல் ஒரே வேகத்தில் வரவேண்டும். பிஸ்டலில் பழகியவர்கள் முக்கால் பங்கு இழுத்து நிறுத்தி, குறியைச் சரிபார்த்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு தட்டுத் தட்டி முடிக்கப் பார்க்கிறார்கள். சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டு அங்கே நிறுத்துவதை ஒரு நுட்பமாகவே சிலர் போதிக்கவும் செய்கிறார்கள். என் அனுபவத்தில், நிறுத்தின விரல் மறுபடி கிளம்பும்போது பிடுங்காமல் கிளம்புவது நூற்றில் ஒருவருக்குத்தான் வாய்க்கிறது.

இழுப்பைப் போலவே திருப்பமும் முக்கியம். நல்ல பிஸ்டல்காரர்கள் சுட்டபின் விசையை முழுதும் விடுவதில்லை. பூட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும் சிறு ‘க்ளிக்’ ஓசை வரை மட்டும் விட்டு, அங்கிருந்தே அடுத்த தோட்டாவைச் சுடுவார்கள். இந்த நல்ல பழக்கமே ரிவால்வரில் பெரும் தீமையாக முடிகிறது. விசை முழுமையாக முன்னுக்கு வராவிட்டால், அடுத்த இழுப்பில் யந்திரம் மரத்துப்போய் நின்றுவிடலாம். அல்லது சுடாத தோட்டா ஒன்று சுத்தியலைத் தாண்டிச் சுழன்று போய்விடலாம். ‘ரிவால்வர் சிக்கிக்கொண்டது’ என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுதான். இழுக்கும்போது உள்ள சிரத்தை விடும்போதும் இருக்க வேண்டும்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இரண்டு கட்டைவிரல்களையும் குழலுக்கு இணையாக முன்னோக்கி நீட்டிப் பிடிக்கும் இக்காலப் பிஸ்டல் பிடி ரிவால்வருக்கு ஆகாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் அதன் வழியே கொதிக்கும் வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும். அந்த இடத்துக்கு அருகே இடக்கைக் கட்டைவிரல் இருந்தால் தோல் கிழிந்து போகும். கட்டைவிரல்களைக் கீழே மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திக்கொள்வதே உத்தமம். மற்ற மூன்று விரல்களும் ஆரம்பத்திலேயே இறுகப் பிடித்து, அந்த இறுக்கத்தைக் கடைசி வரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். விசையோடு சேர்ந்து அவையும் இறுகினால், மாட்டு மடியில் பால் கறப்பதுபோலத் துப்பாக்கி கீழே இழுபடும்.

இவை எல்லாவற்றையும் கற்பிப்பதற்கு ரிவால்வரைப்போல ஒரு குரு வேறு கிடைக்கமாட்டார் என்பது என் உறுதியான நம்பிக்கை. பிஸ்டலில் வெடிச் சத்தமும் பின்னுதைப்பும் மேற்பாகத்தின் ஓட்டமும் ஒரே கணத்தில் வந்து, விரல் செய்த பிழையைத் திரைபோட்டு மறைத்துவிடுகின்றன. ரிவால்வரிலோ, ஆறு அறைகளில் மூன்றில் தோட்டாக்களையும் மூன்றில் சுட்டுமுடித்த காலிக் கூடுகளையும் முன்பின்னாகப் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியாதபடி சிலிண்டரைச் சுழற்றிக் கையில் கொடுத்துவிடலாம். வெடிக்கும் என்று எதிர்பார்த்து இழுத்த விசைக்கு வெறும் ‘டக்’ என்ற ஓசை மட்டும் வரும்போது, குழல்முனை தலை குனிந்து கீழே போவதைச் சுட்டவர் தம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். ஆயிரம் உபதேசம் செய்யாத காரியத்தை அந்த ஒரு பிரத்தியட்ச தரிசனம் செய்துவிடுகிறது. அந்த இளைஞரும் அப்படித்தான் பார்த்தார்; மூன்றாவது காலிக் கூட்டுக்குப் பிறகு குழலைப்பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

வீட்டில் செய்யும் அப்பியாசம் இதைவிடச் சிக்கனமானது. உரிமம் உள்ளவருக்குக் கிடைக்கும் தோட்டாக்களோ சொற்பம், விலையும் அதிகம். ஆகவே தோட்டா இல்லாத பயிற்சியே மிகுதியும் கைகொடுக்க வேண்டும். தோட்டாக்களை முதலில் வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலிண்டரின் ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் இருமுறை பரிசோதித்து, அடிக்கும் ஊசிக்குச் சேதம் வராமல் போலித் தோட்டாக்களை இட்டு, குண்டு துளைக்காத கெட்டிச் சுவர் ஒன்றை நோக்கி நின்றுகொள்ள வேண்டும். முன்குறிக்குப் பின்னால் குழலின் முதுகில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கிடத்தி, அது விழாதபடி சுத்தியல் தாழும் வரை விசையை இழுக்க வேண்டும். முதல் நாள் நாணயம் விழுந்துகொண்டே இருக்கும். தினமும் கால்மணி நேரம் என்று மூன்று வாரம் செய்தவருக்கு அது விழாமல் நிற்கத் தொடங்கும். சுத்தியல் தாழ்ந்த பிறகும் ஒரு மூச்சு நேரம் முன்குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கப் பழக வேண்டும். ரிவால்வரின் சுத்தியல் கனமானது, அது விழுந்து சேர்வதற்குப் பிஸ்டலைக் காட்டிலும் சற்று அதிக நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்குள் அவசரப்பட்டவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

விரல் பழகிய பிறகும் குண்டுகள் ஓரிடத்தில் திரண்டு விழுந்து, அந்த இடம் மட்டும் நடுப்புள்ளிக்கு மேலேயோ கீழேயோ இருந்தால், அப்போது யந்திரத்தின்மேல் கவனத்தைத் திருப்பலாம். பழைய ரிவால்வர்களின் குறிகள் நகர்த்த முடியாதபடி உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட எடையுள்ள குண்டுக்கென்றே அவை அமைக்கப்பட்டிருக்கும். குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள்ளேயே பின்னுதைப்பு குழலை மேலே தூக்கத் தொடங்கிவிடுவதால், மெதுவாகச் செல்லும் கனமான குண்டு மேலேயும், விரைந்து வெளியேறும் இலகுவான குண்டு கீழேயும் படும் என்பது கேட்பவருக்கு விபரீதமாகத் தோன்றினாலும், கையெட்டும் தூரங்களில் அதுவே உண்மை. ஆகவே தோட்டாவை மாற்றிப் பார்க்காமல் குறியை அராவத் தொடங்கக் கூடாது. மற்றொன்று, ரிவால்வரில் ஒரு குழலுக்கு ஆறு அறைகள். ஐந்து அறைகள் குழலுக்கு நேரே செம்மையாக நின்று, ஆறாவது மட்டும் ஒரு நூல் விலகி நின்றால், ஐந்து குண்டுகள் ஓரிடத்திலும் ஒன்று தனியாகவும் விழும். அறைகளுக்குப் பென்சிலால் எண்ணிட்டு, எந்த அறையின் குண்டு எங்கே பட்டது என்று குறித்துவைத்தால் இது புலப்பட்டுவிடும். பிஸ்டல்காரர்களுக்கு இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும் அவசியமே நேராததால், இதை அவர்கள் யோசிப்பதில்லை.

ரிவால்வரின் கனத்த விசையில் சூட்சுமமான குறி சாத்தியமா என்று சந்தேகிப்பவர்களுக்கு அமெரிக்காவின் மாண்டனா மாகாணத்தைச் சேர்ந்த எட் மெக்கிவர்னைக் காட்டுவேன். 1932-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பருவத்தில், 15 அடி தூரத்திலிருந்து ஐந்து குண்டுகளை ஒரு நொடியில் பாதிக்கும் குறைவான நேரத்தில் சுட்டு, ஒரு வெள்ளி அரை டாலர் நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் அவற்றை வைத்தார் அவர். சுத்தியலை நிமிர்த்தாமல் விசையை மட்டுமே இழுத்து அதைச் செய்தார். 1999-ல் ஜெர்ரி மிகுலெக் ஆறு குண்டுகளைச் சுட்டு, சிலிண்டரை மறுபடி நிரப்பி, மேலும் ஆறு குண்டுகளைச் சுட 3 நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. கற்றதை விட்டுப் புதிதாகக் கற்பது முடியுமா என்று மலைப்பவர்களுக்கோ ஹங்கேரியின் கரோலி டகாக்ஸ் இருக்கிறார். 1938-ல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்துபோன அந்தப் போர்வீரர், சொல்லிக்கொள்ளாமல் தனிமையில் இடக்கையைப் பழக்கி, 1948-ல் லண்டனிலும் 1952-ல் ஹெல்சின்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் பயன்படுத்தியது ரிவால்வர் அன்று. ஆனால் ஒரு கையின் ஞானம் முழுவதையும் மற்றொரு கைக்கு மாற்ற முடியுமானால், ஓர் இளைஞர் தம் ஒற்றை விரலுக்குப் புதிய பாடம் சொல்லிக்கொடுக்க முடியாதா? வீணை பழகியவர் வயலினைக் கையில் எடுத்தால் மெட்டுகள் இல்லாத தந்தியில் விரல் தடுமாறத்தான் செய்யும். அவருக்குள்ளே இருக்கும் ஸ்வர ஞானம் எங்கும் போய்விடுவதில்லை.

பழக்கத்தை மாற்றவேண்டிய இடத்தில் யந்திரத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரப் போலீஸ் ஓர் உதாரணம். அங்கே பிரயாணம் எதிர்த்திசையில் நடந்தது. 1993-ல் ரிவால்வரிலிருந்து 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு அந்தப் படை மாறியபோது, கனமான விசைக்குப் பழகியவர்கள் இலகுவான விசையைத் தவறிச் சுட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில், பிஸ்டலின் விசையையே சுமார் ஐந்தரை கிலோ கனத்துக்கு ஏற்றிக்கொண்டார்கள். அதன் சாதாரணக் கனமோ இரண்டரை கிலோ. பிற்காலத்தில் ரிவால்வரையே தொட்டறியாத இளம் காவலர்கள் அந்தக் கனத்தோடு போராட வேண்டியதாயிற்று. 2008-ல் அந்த நகரத்துக்காக ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், இலகுவான விசையைப் பரிசோதித்துப் பார்க்கும்படி யோசனை கூறியது. விரலுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டிய பாடத்தைச் சுருள்வில்லிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்மிடமும் அத்தகைய ஒரு மனப்போக்கு இருக்கிறது. 2014-ல் பெண்களின் பாதுகாப்புக்கு உகந்தது என்று கூறி ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர் கான்பூரிலிருந்து வெளிவந்தது. அப்போது லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைக்கப்பட்ட அதன் எடை சுமார் அரைக் கிலோ. எடை குறைந்தால் கையாள்வது சுலபம் என்ற எண்ணம் இயல்பானதே. ஆயினும் மேலே சொன்ன தராசில் வைத்துப் பார்த்தால், துப்பாக்கி இலகுவாக இலகுவாக அதே விசை அதை அதிகமாக அசைக்கும், பின்னுதைப்பும் அதிகமாகும். கைப்பையில் வைத்துக்கொள்ளச் சுலபமான ஆயுதம் குறி தவறாமல் சுடுவதற்கு மிகக் கடினமானதாக அமைகிறது. அதை வாங்கும் ஒரு பெண்மணிக்கு இந்த உண்மையை விற்பவர் சொல்ல வேண்டும், பயிற்சி தருபவர் செய்து காட்ட வேண்டும். குறி தவறிய குண்டு எங்கேயாவது போய்ச் சேரத்தான் செய்யும். சுவருக்கு அப்பால் இருப்பவர் யார் என்று அது கேட்பதில்லை.

2016-ம் வருஷத்து ஆயுத விதிகள், உரிமம் கோருபவர் ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதிலும் கையாள்வதிலும் சுடும் முறையிலும் பயிற்சி பெற வேண்டும் என்று விதித்திருப்பது மிகவும் நல்ல காரியம். அந்தப் பயிற்சி எந்த வகை ஆயுதத்தில் நடந்தது என்பதையும் சான்றிதழிலேயே எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. ரிவால்வருக்கு உரிமம் கேட்பவர் ரிவால்வரிலேயே, சுத்தியலை நிமிர்த்தாமல், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கக் குறைந்தது மூன்று நாள் பழகியிருக்க வேண்டும். பிஸ்டல் பதக்கம் அதற்கு ஈடாகக் கருதப்படக் கூடாது. தந்தையின் ஆயுதம் மகனுக்கோ மகளுக்கோ மாறும்போதும் இதே முறை வேண்டும். 2019-ல் செய்த திருத்தத்தின்படி உரிமத்தின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீண்டிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வரும்போது, சொந்த ஆயுதத்தைக் கொண்டுவந்து சுடுகளத்தில் பத்து மீட்டரில் ஆறு குண்டு சுட்டுக் காட்டுவது பெரிய சிரமமாகாது. அதற்கு வேண்டிய தோட்டாவை ஆண்டு ஒதுக்கீட்டில் சேர்க்காமல் தனியாகத் தர வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள ரைபிள் கிளப்புகள் வாரத்தில் ஒரு காலையை இதற்கென்று ஒதுக்கினால், கற்றுக்கொடுப்பதற்கு என்னைப்போன்ற முதியவர்கள் பலர் ஊதியம் கேளாமலே வருவார்கள்.

அந்த இளைஞர் நான்கு மாதம் விடாமல் வந்தார். நாணயம் விழாமல் நின்ற பிறகே தோட்டாவைத் தொடுவதென்று தாமாகவே நியமம் வைத்துக்கொண்டார். ஐந்தாவது மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர் சுட்ட ஆறு குண்டுகளில் ஐந்து ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கின. ஒன்று மட்டும் வலப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. மறுபடி சுட்டார்; மறுபடியும் ஐந்தும் ஒன்றும். அறைகளுக்குப் பென்சிலால் எண்ணிடலாம் என்று ரிவால்வரைத் துடைத்து, சிலிண்டரை வெயிலில் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். ஓர் அறைக்கு நேரே வெளிப்புறத்தில், கத்திமுனையால் போட்டதுபோல, தேய்ந்துபோன ஒரு சிறு கீறல் இருந்தது. மூன்றாவது முறை சுட்டபோது விலகிப்போன குண்டு அந்த அறையிலிருந்து வந்ததுதான்.

“அப்பா போட்டதுங்க” என்றார், கீறலின்மேல் விரலை வைத்துக்கொண்டு.